நான் எடுக்காத லீவும் மந்திரி எலினும்

திங்கள், அக். 6

காலையிலேயே புழுக்கம். அக்டோபர் என்று பெயர்தான், ஹூஸ்டன் பக்கத்தில் எங்கள் கேட்டியில் இன்னும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கிறது. மகள் ஸனாவின் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டை மாற்ற வேண்டும். முட்டை, கொத்தமல்லி, பிரிண்டர் இங்க்.

ஆபீஸில் ஒரு மெயில். ஸ்வீடன் எரிசக்தி மந்திரி 16ஆம் தேதி ஹூஸ்டனுக்கு ஏதோ மாநாட்டுக்கு வருகிறாராம். மதிய விருந்தில் மந்திரியை நான் அறிமுகம் செய்து இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம், ‘பழைய தோழி’ என்ற முறையில். கீழே கையெழுத்து யோனாஸ், மந்திரியின் உதவியாளர்.

மந்திரி யார்? எலின். ஸ்டாக்ஹோமில் நான் வேலை பார்த்தபோது எனக்கும் அவளுக்கும் ஒரே கிச்சன். என் ரசத்தைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னொரு கப் கேட்டவள்.

பதினோரு வருஷமாக ஒரு போன் கிடையாது. தோழியாம்.

செவ்வாய், அக். 7

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மேனேஜருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “ரஹ்மத், கிரேட் விஸிபிலிட்டி!” என்று குதிக்கிறார். நீயே போய் நில்லேன்.

லஞ்சில் உட்கார்ந்து எலின் ஏறிய படிகளை எழுதிப் பார்த்தேன்.

1. நகரசபை உறுப்பினர். பக்கத்துத் தெருவுக்கே அவளைத் தெரியாது.

2. குடியேற்றத் துறையிலிருந்து எனக்கு லெட்டர். நாட்டை விட்டுப் போ. காரணம், நான் போதுமான அளவு லீவு எடுக்கவில்லை! கீழக்கரையில் உம்மாவோடு ஒரே மூச்சாக ஒன்றரை மாதம் இருக்கலாம் என்று லீவைச் சேர்த்துச் சேர்த்து வைத்திருந்தேன். லீவு எடுக்கவைக்காத கம்பெனி ஆளை ஒழுங்காக நடத்தாத கம்பெனி என்று அங்கே சட்டம். தண்டனை கம்பெனிக்கு இல்லை, எனக்கு.

3. எலின் பேப்பரில் எழுதினாள். என் போட்டோவை அட்டையில் ஒட்டிப் பாராளுமன்ற வாசலில் நின்றாள். டி.வி. வந்தது. நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

4. அடுத்த தேர்தலில் எம்.பி.

5. கமிட்டி. டி.வி. விவாதம். நல்ல நல்ல கோட்டு.

6. கட்சி கூட்டணியில் சேர்ந்தது. எலின் மந்திரி. அதே அரசாங்கம் வெளிநாட்டு வேலைக்காரர்களுக்கான சம்பள வரம்பை ஏற்றியது. எலினும் கை தூக்கினாள்.

7. ஹசீனா.

ஹசீனா என் தங்கச்சி. கோதன்பர்க்கில் வயதானவர்கள் இல்லத்தில் வேலை. எடுத்துக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, நாலு வருஷம். சம்பளம் புது வரம்பைத் தொடவில்லை, பெர்மிட் புதுப்பிக்க முடியாதென்று சொல்லிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேரையும் அனுப்பியாச்சு.

புதன், அக். 8

மச்சானுக்கு எல்லாம் சுலபம். கல்யாணமான நாளிலிருந்தே என் வீட்டுக்காரர் இப்படித்தான்.

“மந்திரியே உன் ஃபிரெண்டுங்கற. தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லேன். பொலைட்டா.”

“பொலைட்டா கெஞ்சவா மச்சான்?”

“கெஞ்சினா என்ன, கொறஞ்சா போயிடுவ?”

கோபத்தில் தோசையைத் தீய்த்தேன். அப்புறம் யோனாஸுக்குப் பொலைட்டாக மெயில் போட்டேன்.

வெள்ளி, அக். 10

பதில் வந்தது. தனிப்பட்ட ஒருவரின் விஷயத்தில் மந்திரி தலையிடுவதை ஸ்வீடன் சட்டம் அனுமதிக்காதாம். மந்திரிக்கு மிகவும் வருத்தமாம். வருத்தத்துக்கு மட்டும் சட்டத்தில் தடை இல்லை போல.

கூடவே நான் பேச வேண்டியதையும் எழுதி அனுப்பியிருக்கிறான். ‘ஸ்வீடனை விட்டு வந்ததுதான் என் வாழ்க்கையில் நடந்த நல்ல விஷயம். அதனால்தான் இன்று டெக்சாஸில் வெற்றிகரமாக இருக்கிறேன். அன்று எனக்காகக் குரல் கொடுத்த எலினுக்கு நன்றி.’

படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது. விமானத்தில் முன் சீட்டுக்காரர் தண்ணீர் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு அழுதுகொண்டு போனவள் நான். நல்ல விஷயமாம்!

ஸனா எட்டிப் பார்த்தாள். “மா, இஸ் ஷி யுவர் ஃபிரெண்ட் ஆர் நாட்?”

ஒன்பது வயதுக்கு என்ன கேள்வி! போய் ஹோம்வொர்க் பண்ணு என்றேன்.

ஞாயிறு, அக். 12

துணி மடித்தேன். பிளசன்டன் ஊரிலிருந்து மச்சானின் அண்ணன் போன், அரை மணி நேரம் வீட்டு விலை பற்றி.

ஹசீனாவோடு வீடியோ. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறாள். எலின் வருவதைச் சொன்னேன்.

“விடு ராத்தா. எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காத.”

“அப்ப என்ன பண்ணப் போற?”

“பார்த்துக்கறேன். துஆ பண்ணு, போதும்.”

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். காலில் முள் குத்தினாலும் சொல்ல மாட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வியாழன், அக். 16

நீல சல்வார், நல்ல துப்பட்டா. ஃப்ரீவேயில் விபத்து, இருபது நிமிடம் லேட்.

எலின் கட்டிப்பிடித்தாள். அதே சிரிப்பு, பல் மட்டும் வெள்ளையாகியிருக்கிறது. ஹசீனா என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கை கட்டப்பட்டிருக்கிறது, எனக்குப் புரியும் என்று நம்புவதாகச் சொன்னாள். புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

மேடையில் யோனாஸின் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஹசீனாவின் பேரைச் சொன்னேன். எந்த ஊர், எந்த இல்லம், எத்தனை கிழவர்களைக் குளிப்பாட்டினாள், எந்தத் தேதிக்குள் போகச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் சொன்னேன். போனில் இருந்த அவள் போட்டோவைத் தூக்கிக் காட்டினேன். “என்னை அனுப்பினபோது கத்தின எலின் எங்கே?” என்று கேட்டுவிட்டு இறங்கினேன்.

எலின் முகம் வெளிறிவிட்டது. எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை.

காரில் வந்து உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பதினோரு வருஷக் கோபம் இறங்கிய மாதிரி இருந்தது. சந்தோஷம், பொய் சொல்வானேன்.

வெள்ளி, அக். 17

விடிகாலை ஃபஜ்ர் தொழுது எழும்போதே ஹசீனா போன். இப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்க ராத்தா? பேப்பர்ல என் மூஞ்சி! இல்லத்து வாசல்ல ரிப்போர்ட்டர் நிக்கிறான்!”

“நல்லதுதானே, இப்பவாவது…”

“எது நல்லது? ஓனர் எனக்குப் பெரிய பொறுப்பு, புது சம்பளம் போட்டு கான்ட்ராக்ட் ரெடி பண்ணியிருந்தார். வரம்புக்கு மேல. திங்கக்கிழமை சைன். மறுபடி அப்ளை பண்ணிடலாம்னு வக்கீல் சொன்னார். இப்ப ஓனர் பயந்துட்டார். பேப்பர்காரன் வந்தா இன்ஸ்பெக்ஷனும் வரும், எனக்கு வேணாம்மான்னுட்டார்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“கைக்கு வரட்டும்னு இருந்தேன். கண்ணு பட்டுடும்னு உம்மாகிட்டகூட சொல்லல.”

நாங்கள் எல்லாரும் அப்படித்தான். வேலையோ, குழந்தையோ, வீடோ, கைக்கு வருகிறவரை வாயைத் திறக்க மாட்டோம். நானும் கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

வைத்துவிட்டாள். மச்சான் டீ போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, அதற்கும் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சனி, அக். 18

ஹசீனா போனை எடுக்கவில்லை. காலையிலிருந்து நாலு தடவை. ஓனருக்கு நானே மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். பதில் இல்லை.

யோனாஸ் எழுதியிருக்கிறான். மந்திரி என் பேச்சில் மனம் நெகிழ்ந்துவிட்டாராம். அந்த வீடியோவைத் தன் இணையப் பக்கத்தில் போட விரும்புகிறாராம். ஹசீனாவின் முகம் அதில் தெரிவதால் அவளுடைய சம்மதத்தை முதலில் வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

எலினுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.