தண்ணீர் டிரம் அருகே எட்டுப் புள்ளிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

கிண்டியில் ஒரு ஏசி அறை. சுவர் அகலத்துக்குத் திரை. ஒரகடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் நான்கு மாடித் தொழிலாளர் விடுதி அதில் வரைபடமாக விரிந்திருக்கிறது. கான்கிரீட்டுக்குள் புதைத்த சென்சார் உள்சூட்டைச் சொல்கிறது. கிரேன் சாய்ந்தால் மணி அடிக்கிறது. ஹெல்மெட்டில் ஒட்டிய சில்லு, யார் எங்கே நிற்கிறார் என்று காட்டுகிறது. மேஸ்திரிகள் நீலப் புள்ளி, சித்தாள்கள் மஞ்சள்.

கண்காணிப்பவர் செந்தமிழன், வயது இருபத்தாறு. அந்த இடத்துக்குப் போனதுண்டா என்று கேட்டேன். "தேவைப்படல சார்" என்றார், பெருமையாக.

தண்ணீர் டிரம் அருகே எட்டு மஞ்சள் புள்ளிகள் காலை முதல் அசையவில்லை.

"சித்தாளுங்க சார். டெய்லி இதே கதை. உக்காந்து பேசிட்டு சாயந்திரம் கெளம்பிடறாங்க. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகுது. எட்டுப் பேரையும் வேலைய விட்டு நிறுத்திடுவாங்க."

எனக்கு நல்ல செய்தி. வீட்டுக்கு வந்ததும் எழுதி அனுப்பிவிட்டேன்: 'எட்டுப் பெண்கள் ஆறு மணி நேரம் அசையாமல் இருந்ததைக் கருவி கண்டுபிடித்தது.' ஞாயிறு இதழில் வரும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முழங்கால் வலி. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

படம் எடுக்க ஒரகடம். அங்குள்ள பொறியாளர் வசந்தகுமார் எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார். நேராகத் தண்ணீர் டிரம்மிடம் போனேன். பெண்கள் இல்லை. எட்டு ஹெல்மெட்டுகள்தான் இருந்தன — தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில், வரிசையாக மாட்டி.

பெண்கள் மூன்றாம் மாடியில். தலையில் சும்மாடு, அதன் மேல் சாந்துச் சட்டி. முதலில் வந்தவர் அம்சவல்லி, வாலாஜாபாத் பக்கம். நாற்பதைத் தாண்டியிருப்பார்.

"ஹெல்மெட் போடறதில்லையாம்மா?"

"கேட்டுல போட்டுகினுதான் சார் உள்ள வருவோம். அப்பால சட்டிய எங்க வெக்கிறது? தலை ஒண்ணுதான கீது."

"இஞ்சினியர் சார் தலை சும்மாத்தான கீதுக்கா" என்றாள் பின்னால் வந்தவள்.

நீங்கள் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதாகக் கிண்டியில் காட்டுகிறது என்றேன். சட்டியை இறக்காமலே சிரித்தார் அம்சவல்லி. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உக்காந்தமா? யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. நானும்தான். பார்க்காமல் எழுதாதே என்று முப்பத்தொரு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

வசந்தகுமாருக்கு எல்லாம் தெரியும். சொன்னால், ஹெல்மெட் இல்லாமல் ஆள் வேலை பார்த்தது அவர் மேல் வரும். "நான் இன்னா சார் பண்றது" என்று கிரேனைப் பார்த்துச் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரிகைக்குப் போன் செய்து கட்டுரையை நிறுத்தினேன். "வயசாயிடுச்சா சார்?" என்றார் உதவி ஆசிரியர். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

செந்தமிழனைக் கையோடு ஒரகடம் அழைத்துப் போனேன். கம்பியில் தொங்கிய ஹெல்மெட்டுகளை இரண்டு முறை எண்ணினார். தானும் ஒரு சட்டி தூக்கிப் பார்க்கிறேன் என்றார்.

"கழுத்த நேரா வெய்யி தம்பி. கீழ பாக்காத."

முதல் மாடித் திருப்பத்தோடு சரி. சட்டியை இறக்கி, மூச்சு வாங்கி, எட்டுச் சில்லுகளையும் ஹெல்மெட்டிலிருந்து பிரித்தார். பெண்கள் இடுப்புச் சுருக்குப்பையில், வெற்றிலையோடு போட்டுக்கொண்டார்கள். தலையில் ஹெல்மெட் இல்லாததால், சுமை ஏற்றும் வழி இனிமேல் கிரேன் பக்கமாகக் கிடையாது என்று வசந்தகுமாரிடம் எழுதி வாங்கினார். கிண்டியில் பார்த்த பையனா இவர்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

திரைக் கணக்குப்படி அந்தப் பெண்கள் நடந்தது, நேற்று மதியத்துக்குப் பிறகு மட்டும் ஆளுக்கு ஆறு கிலோமீட்டர். படிகளைச் சேர்க்காமல். அறிக்கையிலிருந்து எட்டுப் பெயர்களும் நீங்கின.

வசந்தகுமாரின் புள்ளி அதே நேரத்தில் நாற்பது மீட்டர் நகர்ந்திருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கட்டுரையைத் திருத்தி எழுத மறுபடி கிண்டி. பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. எட்டு மஞ்சள் புள்ளிகளும் ஒன்றாக வேலியைத் தாண்டி, பக்கத்துக் காலி மனைக்குள் போய்க்கொண்டிருந்தன. 'அனுமதியின்றி வெளியேறல்' என்று திரை சிவந்தது. ஒரே வாரத்தில் இப்படி மூன்று முறை வந்தால், பெயர் தானாகவே வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏறிவிடும். இது இரண்டாவது.

செந்தமிழன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அம்சவல்லியின் எண் அதில் இருந்தது.

"அக்கா, எல்லாரும் எங்க போறீங்க?"

"நீ எங்க எழுந்து போவியோ, அங்கதான் தம்பி. உனுக்குக் கதவு கீது. எங்களுக்கு முள்ளுச்செடி கீது."

பின்னால் ஏழு பேரின் சிரிப்பு. இவருக்குக் காது சிவந்துவிட்டது. எச்சரிக்கைகள் இரண்டையும் அழித்தார். அன்றைய அறிக்கையின் முதல் வரியாகத் தட்டினார்: 'வேலிக்குள் பெண்களுக்குக் கழிப்பறை, இரண்டு, இந்த வாரமே.' அனுப்பினார்.

பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "போன வாரம் வரைக்கும் எங்க சார் போனாங்க?"

"அங்கேதான்" என்றேன்.