பின்பக்கத்தில் எழுதிய பெயர்கள்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
13.11.1986

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ரூத்தும் சுகம். உங்கள் சுகத்தை விசாரித்து எழுத இந்த முறை எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்துக்கு எழுதுகிற யென்ஸோடு நேபாள மலையில் யாக் மாடு மேய்க்கிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருப்பீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலை பஸ்ஸைத் தவறவிட்டால் தொழிற்சாலைக்கு நடைதான். ரூத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அப்பா எப்போது வருவார் என்று டேனிஷில் கேட்கிறாள். தெரியாது என்று தமிழில் சொல்கிறேன்.

உங்கள் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. அறுபத்திரண்டு படங்களும் நெகட்டிவ்களும் பழுதில்லாமல் இருக்கின்றன. யாக் என்றால் காளை மட்டும்தான், பால் தருகிற மாட்டுக்கு வேறு பெயர் என்று பெரிய ஆராய்ச்சியே எழுதியிருக்கிறீர்கள். கறுப்பு மயிரில் நெய்த கூடாரம், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் என்று ஒன்றையும் விடவில்லை. படங்களில் குறை சொல்ல மாட்டேன். பால் கறக்கிற பெண் ஒருத்தி, கை முழுக்கப் பால் என்பதால் முழங்கையால் வாயை மறைத்துச் சிரிக்கிறாளே, அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினேன்.

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோப் பழக்கம் உங்களை விட்டுப் போகாது, என்ன? ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர், தகப்பன் பெயர், இடம், திகதி. அவளுடையதில் அதற்கு மேலும் இருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து ஒளித்து வந்த குடும்பம், மூத்த மகன் இன்னும் அங்கே, மார்கழியில் இன்ன கணவாயால் இவர்களிடம் வந்துசேருவான். அவள் உங்களை நம்பிச் சொன்னாள் என்று கடிதத்தில் பெருமை வேறு! அவளுடைய பெயரை நான் இதில் எழுதமாட்டேன்.

ஒரு வாரத்துக்கு முன் என்றால் நானும் ஒன்றும் யோசிக்காமல் எல்லாவற்றையும் உங்கள் படங்களைப் புத்தகமாகப் போடுகிற புத்தகக்காரரிடம் கொடுத்திருப்பேன். ஆனால் போன ஞாயிறு பஸ்தியாம்பிள்ளை அண்ணை வந்தார். யாழ்ப்பாணத்தில் உங்களிடம் படம் கழுவினவர், இப்போது ஹோர்சன்ஸ் அகதி முகாமில் இருக்கிறார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் கதைத்தார். “உன்ர மனுசன் தேவநாயகம் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லாட்டிலும் பின்பக்கத்தில எல்லாம் கிடந்ததுதானே பிள்ளை. அவரைப் பிழை சொல்லாதை” என்றார். சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு முழுவதையும் சொல்லச் சொன்னேன்.

அன்றைக்கு ஜீப்பில் வந்த ஆமிக்காரர்கள் உங்கள் ஸ்ரூடியோ மேசை லாச்சியிலிருந்து கரப்பந்தாட்டக் குழுவின் படத்தை எடுத்தார்களாம். அவர்கள் தேடி வந்தது ஒருவனை. திருப்பிப் பார்த்தபோது ஆறு பேருடைய பெயரும், தகப்பன் பெயரும், ஊரும் உங்கள் அழகான எழுத்தில் இருந்தன. இது உன் எழுத்தா, விபரம் சரியா என்று கேட்டார்கள். ஓம் என்றீர்கள். ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது பெயர் என் தம்பி ஜெயசிங்கம். பத்தொன்பது வயது. இன்றுவரை ஒரு தகவல் இல்லை.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள்? யாரோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்றீர்கள். நாங்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக் கந்தையரைத்தான் நினைத்தோம். அவர் படலையைக் கடக்கும்போதெல்லாம் அம்மா காறித் துப்பினா. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் வாசித்தீர்கள். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு நேற்றுத்தான் ஒரு கடிதம் எழுதினேன். என்ன முகத்தோடு எழுதினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நீட்டிய துவக்குக்கு முன்னால் ஓம் சொன்னதற்காக நான் உங்களை வெறுக்கவில்லை. நானும் சொல்லியிருப்பேன். இரண்டு வருடம் என் பக்கத்தில் இருந்து, தம்பிக்காக நான் ஜெபித்தபோதெல்லாம் ஆமென் சொன்னீர்களே, அதற்காக வெறுக்கிறேன். அதற்குப் பிறகும் அதே பென்சிலை எடுத்தீர்களே, அதற்காகவும்.

உங்கள் படங்களில் நான் கை வைத்துவிட்டேன். ரூத்தின் அழிறப்பரால் எல்லாப் பெயர்களையும் அழித்தேன். நீங்கள் அழுத்தி எழுதுகிற ஆள். சரித்துப் பிடித்தால் எழுத்து இன்னும் தெரிந்தது. அதனால் அறுபத்திரண்டையும் குசினித் தொட்டியில் போட்டு எரித்தேன். நேற்று கொப்பன்ஹேகனிலிருந்து புத்தகக்காரர் காரில் வந்தபோது நெகட்டிவ்களை மட்டும் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தின் ஏழு நெகட்டிவ்களை அதிலும் சேர்க்கவில்லை. பெயர்கள் எங்கே, பெயர் இல்லாவிட்டால் இவர்கள் யார் என்று அவர் கேட்டார். யாக் மேய்க்கிறவர்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். புத்தகம் நின்றுபோனால் நிற்கட்டும். நீங்கள் அங்கிருந்து குதிப்பீர்கள் என்று தெரியும். குதியுங்கள்.

ஆனால் உங்கள் கொப்பியிலும் அதே விபரம் இருக்கும். அதைப் பையில் வைத்துக்கொண்டுதானே செக்போஸ்டுகளைத் தாண்டி இறங்கப் போகிறீர்கள்? இது கைக்குக் கிடைத்ததும் திரும்பி மலைக்கு ஏறுங்கள். யென்ஸ் காத்திருந்தால் காத்திருக்கட்டும். அவளுடைய அடுப்பிலேயே அந்தத் தாள்களை எரியுங்கள். மகன் வருகிற பாதையை எழுதி வைத்தேன், படத்தோடு டென்மார்க்குக்கும் அனுப்பினேன் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அவள் கல்லெடுத்து எறிந்தாலும் நின்று சொல்லுங்கள். மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேறு பாதையால் வா என்று அவள் மகனுக்குச் சொல்லி அனுப்பலாம். எங்கள் அம்மாவுக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை.

அதைச் செய்த பிறகு வீட்டுக்கு வாருங்கள். கதவைத் திறப்பேனா என்று இப்போது சொல்ல எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் அந்தப் பிள்ளையைப் பத்திரமாகத் தாயிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
ஜெயசிங்கத்தின் அக்கா
நேசமலர்