தாது ஏற்றும் நாளில் மஞ்சள் போர்வை

அன்பு வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் சுகம், வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் சுகம், இரண்டும் காலையில் கொஞ்சம் முனகிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கின்றன. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போன கடிதத்தில் நீ, நாற்பது வயசுல தனியா உட்கார்ந்து என்ன பண்றீங்க, அங்க பேசக்கூட ஆளில்ல, வீட்டைக் காலி பண்ணிட்டு என்கிட்ட வந்துடுங்க என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். அம்மா போனதிலிருந்து வேலைக்குப் போகிறேன், வருகிறேன், கையைக் கிள்ளினால் வேறு யார் கையோ மாதிரி இருக்கிறது. சரி என்று பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

அதற்குள் குளிரில் உறைந்து கிடந்த துறைமுகத்தில் பனிக்கட்டி உடைந்து கப்பல் வர ஆரம்பித்துவிட்டது. கப்பல் வந்தால்தானே நம் ஊருக்கு உயிர், மூடிக் கிடந்த கடையெல்லாம் திறந்தாயிற்று, சுரங்கத்திலிருந்து ரயில் வரிசைகட்டி நிற்கிறது, முடிவெட்டுகிறவர்கூட விலையை ஏற்றிவிட்டார். நானும் தாது சுமக்கும் பெல்ட்டை ஓடவிட்டு முதல் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றினேன். அன்று கடல்காற்று, தெரு முழுக்கச் செந்தூசி. மறுநாள் எதிர்வீட்டு மீன்வலைக்கடைக்காரம்மா கதவைத் தட்டி, செங்கல் நிறத்தில் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டி, ஏன் தம்பி, இது வெள்ளைச் சட்டைன்னா நம்புவீங்களா, தெருவுல ஒரு துணி தப்பல, உங்க வீட்டம்மா இருந்தா இப்படி ஆகுமா என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. இன்னைக்கு ஏத்துறீங்களா, காத்து எந்தப் பக்கம் என்று அம்மா தினமும் கேட்பாளே, என் வேலைமேல் அத்தனை ஆசையாக்கும் என்று நானும் விலாவாரியாகச் சொல்வேனே, தூசி வரும் என்று தெரிந்தால் நான் படியிறங்கியதும் மாடிக் கம்பியில் அந்த மஞ்சள் போர்வையைத் தொங்கவிடுவாளாம். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குத் தெருவில் யாரும் துணி காயப்போட மாட்டார்களாம். தூசி நாளாகப் பார்த்து இதை வெளியே போடுறியே, எஞ்சினியர் பொண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன், சிரித்துக்கொண்டே மறுபடி அலசிப்போடுவாள். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது கண்ணு. நானும் சிரித்தேன், சிரித்தபடியே நின்று அழுதேன், அம்மாவுக்காக நான் அழுதது அப்போதுதான். வலைக்கடைக்காரம்மா சட்டையை மடித்துக்கொண்டே, நல்லா அழுங்க தம்பி, ஆனா நாளைக்கு ஏத்துறீங்களான்னு மட்டும் சொல்லிட்டு அழுங்க என்றார்.

பெட்டியைப் பிரித்துப் போர்வையை எடுத்துவிட்டேன். இன்று காலை தொங்கவிடும்போது கீழேயிருந்து ரொட்டிக்கடைக்காரர், அம்மா இதுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க சார், என் வீட்ல துவைச்சே முடிச்சுட்டா என்று சத்தம் போட்டார். ஆகையால் பேச ஆளில்லை என்கிற கவலையை விடு. துறைமுகம் மறுபடி உறையும்வரை நான் இங்கேதான், உறைந்ததும் உன்னிடம் வந்து தங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது வெள்ளைத் துணி கொண்டுவராதே. கொண்டுவந்தால், துவைக்கும் முன் மாடிக் கம்பியை ஒரு பார்வை பார்.

இப்படிக்கு,
காலையில் போர்வை போடும் உன் அப்பா