யானை உரிக்காத பட்டை

அம்மா, உன் பாதம் தொட்டு மிஹாம்போ எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சிங்கம் போல இருக்கிறேன். முந்நூறு வகை மரங்களையும் மோந்தே சொல்லிவிடுவேன். நான் இல்லாமல் மரக் கணக்கெடுக்கும் அதிகாரியம்மா காட்டுக்குள் கால் வைப்பதில்லை.

நேற்று மரம் எண்ணும்போது, எங்கள் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே முதுந்து மரம் பட்டை உரிபட்டுச் செத்து நின்றது. பட்டையைச் சுருட்டித் தேனீ வளர்க்கும் கூடு செய்ய, இடது கையால் அப்படி உரிப்பவன் நம் தம்பி கசாண்டா ஒருவன்தான். "யானை வேலைம்மா" என்று சாதித்தேன்.

"ஏம்பா, உங்க ஊர் யானை கத்தி பிடிக்குமா?" என்றார் அதிகாரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏட்டில் 'மனிதன்' என்று எழுதிக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை.

பயப்படாதே. தம்பியை இனிப் பலகையில் கூடு செய்யச் சொல். வேறு எந்த மரமாவது இப்படிச் செத்தால் நானே அவனைப் பிடித்துக் கொடுப்பேன்.

வறுத்த கடலை கொடுத்தனுப்பு. அவன் கையில் மட்டும் வேண்டாம்; முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் நிற்காது. வண்டி கிளம்புகிறது.