ஓர் உயிரும் இழக்காமல்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் நலமா? பதினொரு வருடமாக வாய் திறக்காதவள் எழுதுகிறாளே என்று பதற வேண்டாம், இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரித் துணி தைக்கும் வேலைக்கு இன்னும் போகிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்; வாய் மட்டும் அப்படியே அவள் அப்பா.

போன செவ்வாய்க்கிழமை சட்டமன்றத்தில் விண்வெளித் துறையினரைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்கள். ராக்கெட் கூடத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு அழைப்பு வந்தது. நானும் மகளும் போய் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். நாற்பது வருட உழைப்புக்கு ஏழு நிமிடம். ஆனாலும் அவர்கள் மேசையைத் தட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தீர்மானத்தில் "நாற்பது ஆண்டுகளாக ஓர் உயிரும் இழக்காமல்" என்று ஒரு வரி வந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன் அண்ணா. நாலைந்து தட்டு தட்டிய பிறகுதான் காதில் விழுந்த வரி மனதில் ஏறியது. மகள் எழுந்திருக்கவே இல்லை. படியிறங்கும்போது, "அப்ப அப்பாவுக்கு இருந்தது உயிர் இல்லையாம்மா?" என்று கேட்டாள். நடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் சட்டமன்ற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், நாற்காலி போட்டார். கூடத்திலிருந்து வந்த பழைய தாளைக் காட்டி, "தொட்டிக்குள்ள யாருமே போகலைன்னு இருக்கேம்மா. நான் போன் பேசிட்டு வந்தப்ப அவர் வெளியில மாரடைப்புல விழுந்து கிடந்தார்னு கூட வேலை செஞ்சவரே கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார். அந்தக் கோணல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எரிபொருள் தொட்டிக்குள் இறங்குகிறவர் வாசல் பலகையில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுக்க வேண்டும், பலகை காலியானால்தான் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற நைட்ரஜனைத் திறப்பார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஒப்பந்த ஆட்களுக்கு ஏது டோக்கன்? உங்களுடையதை மாட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் இறங்குவார். "இன்னிக்கும் அண்ணன் பேர்லதான் உள்ள போனேன்" என்று வந்து சிரிப்பார்.

அடக்கத்தன்று என் எதிரே குனிந்து அழுதீர்களே, உங்கள் சட்டைப் பையில் அந்த டோக்கன் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உங்களைப் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூடத்தை விட்டுப் போகும்போது டோக்கனை எடுக்கிற பழக்கத்தில் கை தானாக எடுத்துவிட்டது. பலகை காலி என்று வால்வைத் திறந்துவிட்டார்கள். இரண்டே மூச்சில் போயிருப்பார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதை நினைத்துத்தான் இத்தனை வருடம் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டோக்கனை எடுத்தது உங்கள் கை. அதை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டது நீங்கள். வேலை போய்விடும் என்று பயந்திருப்பீர்கள், உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் ஊரை விட்டுப் போனபோது, போகட்டும், தொலையட்டும் என்றுதான் நினைத்தேன்.

தீர்மானம் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறதாம். அன்று அங்கே இருந்தவர் எழுதிக் கொடுத்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லி சபாநாயகரிடம் வைப்பதாக அதிகாரி சொன்னார். அங்கே இருந்தவர்களில் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். வழக்கு, வாய்தா என்று போக மாட்டேன், மகள் தலைமேல் ஆணை. டோக்கனைப் பற்றி எழுத மனம் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் உள்ளே இருந்தார் என்று மட்டும் எழுதுங்கள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேச நாளாகும். நான் பேசுவேன். எழுதிப் போட்டுவிட்டு ஒருமுறை வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை