முழங்கை

மே 9, 1988. டொலிடோ.
மறுபடியும் பஸ், மறுபடியும் ரொட்டிக்கு நடுவே அதே வெங்காய சாசேஜ். பன்னிரண்டு வருஷமாக பேஸ்பாலின் சின்ன லீக்குகளிலேயே பந்து வீசுகிறேன். முப்பத்துநாலு வயதாகிறது. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசியதில்லை.

முழங்கை உள்ளே எரிகிறது. வெளியே சொன்னால் அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்வார்கள். என் பந்துகளைப் பிடிக்கிற ஓஸ்வால்டோவுக்கு மட்டும் சந்தேகம்.

"உன் பந்து நடந்து வருதுடா. நான் ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்து பிடிக்கலாம்போல."

"வாயை மூடிக்கிட்டுப் பிடிடா."

மே 17
என் மனைவி மார்லீன் போனில் கத்தினாள். "அப்பாவோட பெயிண்ட் கடையில உனக்கு இடம் வச்சிருக்கோம். இன்னும் எத்தனை ஊருடா சுத்துவ?"

இந்த சீசன் மட்டும் என்றேன். போன சீசனிலும் அதைத்தான் சொன்னேன். சே!

ஜூன் 2
மேனேஜர் ஹோபர்ட் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினால் வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று அர்த்தம்.

"மேல ரெண்டு பேருக்கு அடி. பெரிய டீமுக்குக் கிளம்பு. கை நல்லாத்தானே இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு சார்."

வெளியே வந்து அழுதேன். ஓஸ்வால்டோ என் தலையில் ஒரு பீரையே கொட்டிவிட்டான்.

ஜூன் 6
பெரிய டீமுக்கு வந்தும் இன்றுவரை ஆட்டத்தில் இறக்கவில்லை. பந்து வீசுபவர்கள் காத்திருக்கும் இடத்தில் போன் அடித்தாலே எழுந்து நிற்கிறேன். கூப்பிடுவது வேறு யாரையாவதுதான். வலி மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளைக்கே திருப்பி அனுப்பிவிட்டால்?

ஜூன் 11
இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல்.

நேற்று எட்டாவது இன்னிங்ஸில் இறக்கினார்கள். நாலாவது பந்தை வளைத்துவிடும்போது முழங்கைக்குள் ஏதோ படீரென்று அறுந்தது. பந்து மட்டையில் பட்டுத் தரையோடு உருண்டது. அடித்தவன் ஓடிச் சேருமுன் யாரோ அதைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தார்கள். அவுட்! நான் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இனி வீச முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மார்லீன் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள், "முன்னாடியே வலிச்சுதா?"

"ஏப்ரல்லேர்ந்து."

"அடப்பாவி! ஒரே ஒரு அவுட்டுக்காகவா?"

"ஆமா."

அவள் என் தட்டை இழுத்து, கறியைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றாள்.