மின்னல்காரர் அங்கே இல்லை அப்பா

என் அப்பாவுக்கு, கோபத்தோடும் முத்தத்தோடும்,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. தாள் திருப்பும் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் முதலில் உங்களைத் திட்ட வேண்டும்.

ஆபீஸ் வேலையாக பாஸ்டன் போனபோது, அந்த ஊரின் மிகப் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் போட்டோ எடுத்துக்கொண்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். நடுவில் கூர்மையான பெரிய தூண். அதன் முன்னால் கைகட்டி, பூசையில் நிற்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நீங்கள். “பட்டம் விட்டு மின்னலப் புடிச்சாருல்லா மக்ளே, அவரு இதுக்க அடியிலதான் கிடக்காரு.” நம் கார்ல்ஸ்ரூஹே வீட்டுக்கு வந்தவர்களில் அந்தப் போட்டோவிடமிருந்து தப்பியவர் யார்?

அவர் அங்கே இல்லை அப்பா. அவரை அடக்கம் செய்தது வேறு ஊரில். தூணில் இருப்பது குடும்பப் பெயர். அடியில் இருப்பவர்கள் அவருடைய அப்பாவும் அம்மாவும். பெயரைப் பார்த்தவுடன் போஸ் கொடுத்துவிட்டீர்கள். கீழே பொறித்திருந்ததையும் படிக்காமல் அப்படி என்ன அவசரம்? ஆங்கில வகுப்பில் பேசுவதற்காக நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

மற்றவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர். எதிரிப் படை வருகிறது என்று குதிரையேறிப் போய் ஊர்களை எழுப்பிய வெள்ளிப் பட்டறைக்காரர். ஆனால் பிற்காலத்தில் யாரோ கற்களைப் பிடுங்கி நேர்வரிசையில் நட்டுவிட்டார்களாம். பல கற்களுக்கு அடியில் இருப்பது யார் என்று இப்போது யாருக்கும் நிச்சயமில்லை.

அவர்களுக்காவது கல் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் அடக்கத்தன்று நட்ட மரச்சிலுவைதான். மண் இறுகட்டும், பிறகு கல் வைக்கலாம் என்றார்கள். மண் எப்போதோ இறுகிவிட்டது. அம்மாதான் விடமாட்டேன் என்கிறாள்.

“கல்லு வச்சா அவரு இங்கயே தங்கிருவாரு மக்ளே.”

அம்மா நம் ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாகர்கோவிலில் குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு அடுத்தவரை வைப்பார்களே, அதுபோல இங்கே ஜெர்மனியிலும் நினைத்தபோது திறக்கலாம் என்று. கோடை விடுமுறையில் உங்களை எடுத்துக்கொண்டு நாங்களும் ஊருக்கே போய்விடுவதாக ஏற்பாடு. மாமா அங்கே கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டார். நாளை அம்மா போனில் சம்மதம் சொன்னதும் பங்குச் சாமியாரிடம் பூசைக்குத் தேதி குறிக்கப் போகிறார்.

இன்று கல்லறை அலுவலகத்துக்குப் போனோம். வழக்கம்போல் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அங்கே இருந்த அம்மையார் இரண்டு விஷயம் சொன்னார். சிலுவை உளுத்துவிட்டது, சீக்கிரம் கல் வையுங்கள் என்பது ஒன்று. இன்னும் பல வருடங்களுக்கு உங்களைத் தோண்டி எடுக்க அனுமதி இல்லை, சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்பதெல்லாம் காரணமாகாது என்பது இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் சொன்னேன்.

“இவ்வளவுதானா? அவ எவ்வளவு நேரம் பேசினா?” என்றாள் அம்மா.

“ஜெர்மன்ல எல்லாமே நீளமாத்தான் இருக்கும்மா.”

நம்பிவிட்டாள். அடக்கத்தன்று எல்லாரும் அழுதார்கள், அவள் அழவில்லை. ஊருக்குக் கொண்டுபோகத்தானே போகிறோம் என்று வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? எதைக் கேட்டாலும் “பாத்துக்கலாம், பாத்துக்கலாம்” என்றே ஓட்டினீர்களே, எங்கே கிடக்க விருப்பம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நீங்கள் படிக்காமல் வந்ததை நான் படித்தேன். மின்னல்காரரின் அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவரை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை. வேறு ஊரில் பிழைத்த கடைசி மகன், அந்த மின்னல் பிடித்தவன்தான், அங்கேயே கல் வைத்து, இது அவன் வைத்தது என்றும் பொறித்திருக்கிறான். அந்தக் கல் சிதைந்தபோது ஊர்க்காரர்கள் புதுத் தூண் எழுப்பி, அவன் வரிகளையே மறுபடி வெட்டினார்களாம். வந்த இடத்திலேயே கிடப்பது அநாதையாகக் கிடப்பது இல்லை, இல்லையா அப்பா? அம்மாவிடம் இதைச் சொன்னால் கேட்பாளா? “ஒனக்க வாயி அப்பனுக்க வாயி” என்பாளா?

எதுவானாலும் சரி. காலையில் அவள் மாமாவுக்குப் போன் போடுவதற்கு முன் அந்த இரண்டாவது விஷயத்தையும் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அழுதால் பள்ளிக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊருக்குப் போவதா, உங்களோடு இங்கேயே இருப்பதா என்று அவளே யோசிக்கட்டும். என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்வேன். உங்களைத் திட்டினால் தடுக்கமாட்டேன், நானும் சேர்ந்துகொள்வேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்குத் துணையாக நீங்கள் விட்டுப்போன
உங்கள் மகள்